சிறப்புக் கல்வி ஆசிரியர்: வருகிறவர் ஏன் தங்குவதில்லை?

டெல்லித் தமிழ் வாசகர்கள் இந்த மாதம் கேட்டவை

கேள்வி: பி.ஏ. வரலாறு, 54 சதவீதம். வயது 33. ஆறு மாதச் சான்றிதழ் படிப்பு முடித்தால் பள்ளிகளில் ஸ்பெஷல் எஜுகேட்டர் வேலை நிச்சயம் என்று ஒரு பயிற்சி நிலையத்தில் சொல்கிறார்கள். சேரலாமா?
- வாசகி, மயூர் விஹார்

பதில்: பணத்தைக் கட்டிவிடாதீர்கள் அம்மா. மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் இந்தத் தொழிலுக்கு வாசல் ஒன்றுதான்: இந்திய மறுவாழ்வுக் கவுன்சில், சுருக்கமாக ஆர்.சி.ஐ. அதன் மையப் பதிவேட்டில் பெயர் ஏறாமல் இந்தப் பணி செய்தால் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. ஆறு மாதச் சான்றிதழைக் காட்டி ஆசிரியராகப் பதிய முடியாது.

உங்கள் மதிப்பெண்ணுக்கு இரண்டாண்டு பி.எட். சிறப்புக் கல்வியே கிடைக்கும். டெல்லியில் ஜாமியா மில்லியா இஸ்லாமியாவில் அந்தப் படிப்பு இருக்கிறது. தொடக்க வகுப்புப் பிள்ளைகளோடு இருக்கத்தான் விருப்பம் என்றால் இரண்டாண்டு டி.எட். சிறப்புக் கல்வி, அதற்கு பிளஸ் டூவில் 50 சதவீதம் போதும். எங்கே சேர்ந்தாலும் ஆர்.சி.ஐ. இணையதளப் பட்டியலில் மூன்றைச் சரிபாருங்கள்: நிறுவனத்தின் பெயர், படிப்பின் பிரிவு, நீங்கள் சேரும் கல்வியாண்டு. அங்கீகாரம் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் தரப்படுகிறது. போன வருடம் இருந்தது, இந்த வருடம் இல்லை என்றால் படித்து முடித்த பிறகு பதிவு கிடைக்காமல் நிற்க வேண்டிவரும்.

பிரிவையும் யோசித்து எடுங்கள். சீட் கிடைத்ததில் சேர்ந்துவிட்டுப் பிறகு தவிப்பவர்கள் நிறைய. பார்வைக் குறைபாட்டுப் பிரிவில் பிரெயில், செவித்திறன் பிரிவில் சைகை மொழி என்று ஒவ்வொன்றும் தனிக் கைத்தொழில். சாதாரணப் பள்ளியில் வேலை செய்ய நினைத்தால் அறிவுசார் குறைபாடு அல்லது கற்றல் குறைபாட்டுப் பிரிவு நடைமுறைக்கு ஏற்றது.

பட்டம், பிறகு ஆர்.சி.ஐ. பதிவு, பிறகு சி-டெட் எனப்படும் மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வு. பி.எட். என்றால் இரண்டாம் தாள், டி.எட். என்றால் முதல் தாள். 150-க்கு 90 எடுத்தால் தேர்ச்சி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். ஒருமுறை தேறினால் ஆயுளுக்கும் செல்லும். இரண்டு மொழிகளில் ஒன்றாகத் தமிழையே எடுக்கலாம், அது 30 மதிப்பெண். இது தெரியாமல் இந்தியோடு மல்லுக்கட்டுகிறவர்கள் நம்மில் உண்டு.

கேள்வி: எங்கள் பள்ளி நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். இரண்டு ஆண்டுகளில் மூன்று ஸ்பெஷல் எஜுகேட்டர்கள் விலகிவிட்டார்கள். சம்பளம் மற்ற ஆசிரியர்களுக்குச் சமமாகத்தான் தருகிறோம். சிறப்புத் தேவையுள்ளவர்கள் 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை 12 குழந்தைகள், 6 முதல் 8 வரை 10 குழந்தைகள். என்ன தவறு செய்கிறோம்?
- வாசகர், கரோல் பாக்

பதில்: சம்பளம் சமமாக இருப்பது நல்லது. கோளாறு உங்கள் கால அட்டவணையில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வாரத்துக்கு 40 பீரியட். 22 குழந்தைகளுக்கும் ஆளுக்கு இரண்டு தனி வகுப்பு என்றால் 44. தனி வகுப்பே வாரத்தை விழுங்கி, அதற்கு மேலும் நான்கு பீரியட் தேவைப்படுகிறது. ஐ.இ.பி. எனப்படும் தனிநபர் கல்வித் திட்டத்தை எழுத நேரமில்லை, வகுப்பாசிரியரோடு பேச நேரமில்லை. இதற்கு மேல் யாராவது லீவு போட்டால் 'மேடம், அந்த கிளாஸைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று அனுப்புகிறோம். குழந்தை, தனி வகுப்பு நடக்கும் ரிசோர்ஸ் அறை வாசலில் காத்திருக்கும். இது வாரம் மூன்று முறை நடந்தால், தான் படித்த வேலையைச் செய்ய இங்கே இடமில்லை என்று அந்த ஆசிரியர் முடிவுக்கு வந்துவிடுவார்.

சிறப்புக் கல்வி ஆசிரியர் நியமனம் பற்றிய ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, 2022 ஜூனில் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் இந்த ஆசிரியர்களுக்கான விகிதம் சேர்ந்தது: 1 முதல் 5 வரை சிறப்புத் தேவையுள்ள பத்துக் குழந்தைக்கு ஒருவர், 6 முதல் 8 வரை பதினைந்துக்கு ஒருவர். உங்கள் எண்ணிக்கைக்கு முதல் பகுதியில் இருவர், அடுத்ததில் ஒருவர், ஆக மூவர் வேண்டும். மூவர் வேலையை ஒருவர் தலையில் வைத்தால் அவர் எப்படித் தங்குவார்?

மூவர் வரும்வரை இருக்கிற ஒருவரைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு. 40 பீரியடில் 6 எழுத்து வேலைக்கு, 4 வகுப்பாசிரியர்களையும் பெற்றோரையும் சந்திக்க. இந்தப் பத்தில் கை வைக்காதீர்கள். 10 பீரியட் அவர் வகுப்பறைக்குள் உட்கார்ந்து உதவுவது. மீதி 20-ல் ஒத்த தேவையுள்ள குழந்தைகளை இரண்டு மூன்று பேராகச் சேர்த்துப் பத்துக் குழு, வாரம் இருமுறை. தனியாகவே சொல்லித்தர வேண்டிய குழந்தை இருந்தால் ஒரு குழுவைக் கலைத்துத்தான் நேரம் எடுக்க வேண்டும். பற்றாக்குறை அங்கேதான் கடிக்கும். அட்டவணையை முதல்வர் கையெழுத்தோடு ஒட்டுங்கள். பதிலி வகுப்புப் பட்டியலில் அவர் பெயர் வரவே கூடாது.

புதிதாக வருபவர் முதல் ஆண்டில் அதிகம் திணறுவது ஐ.இ.பி. எழுதுவதில்தான். 'வாசிப்பில் முன்னேற்றம் வேண்டும்' என்று எழுதினால் அளக்க ஒன்றுமில்லை. 'ஐந்து படக் கார்டுகளில் தண்ணீர்ப் படத்தைப் பத்துத் தடவையில் எட்டுத் தடவை தானாக எடுத்துத் தருவான், எட்டு வாரத்தில்' என்று எழுதினால் அளக்கலாம். பதிவுத்தாளும் எளிதாகும்: பத்துக் கட்டம், தானாகச் செய்தால் 'தா', சொல்லிச் செய்தால் 'சொ', கைபிடித்துச் செய்தால் 'கை'. 'கை' குறைந்து 'தா' கூடுவது கண்ணுக்குத் தெரியும். தன் உழைப்பு பலிப்பதை ஆசிரியரும் பார்க்க வேண்டும் அல்லவா? இதைச் சொல்லித்தர அனுபவமுள்ள ஒருவரை வெளியிலிருந்தாவது மாதம் இருமுறை வரவழையுங்கள்.

இன்னொன்று. ஆர்.சி.ஐ. பதிவைப் புதுப்பிக்க ஐந்தாண்டில் 100 தொடர்கல்விப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். பயிற்சிக்குப் போகும் நாளைப் பணிநாளாகக் கணக்கிட்டு, கட்டணத்தைப் பள்ளியே ஏற்கலாம். சொந்த விடுப்பில், சொந்தப் பணத்தில் போகச் சொல்வது நியாயமில்லை.

கேள்வி: ஷேடோ டீச்சர் வைத்தால் ஸ்பெஷல் எஜுகேட்டர் தேவையில்லையா?
- வாசகர், துவாரகா

பதில்: தேவை. ஷேடோ டீச்சர் குழந்தை அருகில் இருந்து அன்றாடம் உதவுபவர். என்ன கற்பிப்பது, எப்படி அளப்பது, எப்போது உதவியைக் குறைப்பது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் பதிவு பெற்ற ஆசிரியர்.

கேள்வி: மகனுக்கு ஏழு வயது, ஆட்டிசம். வருடத்துக்கு ஒரு ஆசிரியர் மாறுகிறார், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து. புதியவர், வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசச் சொல்கிறார்.
- வாசகி, ஆர்.கே. புரம்

பதில்: தமிழை நிறுத்தாதீர்கள். வீட்டுமொழி ஆட்டிசக் குழந்தையின் பேச்சைக் கெடுக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. பாட்டியும் அப்பாவும் தமிழில் பேசும் வீட்டில் அதை எடுத்துவிட்டால், அவனோடு யாரும் பேசாத வீடாகிவிடும். பள்ளியில் இந்தியில் மட்டும் சோதித்தால் அவனுக்குத் தெரிந்ததும் தெரியாததாகக் கணக்காகும். அவன் புரிந்துகொள்ளும் இருபது சொற்களை (தண்ணி, வேணும், போதும், வலிக்குது, சூசூ, வா) தேவநாகரியில் எழுதி, பொருளும் சேர்த்து, வகுப்பறையில் ஒட்டச் சொல்லுங்கள்.

ஆசிரியர் மாற்றத்தை நீங்கள் தடுக்க முடியாது. அவன் கதை தொலையாமல் பார்த்துக்கொள்ளலாம். ஐ.இ.பி. கூட்டம் முடிந்ததும் பிரதி கேட்டு வாங்குங்கள். பருவம் முடியும்போது பதிவுத்தாள்களின் நகலையும் வாங்கிவிடுங்கள். ஆசிரியர் போன பிறகு தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. அதோடு நீங்களே ஒரு பக்கம் எழுதி வையுங்கள்: எந்தச் சத்தம் அவனைக் கலங்கடிக்கிறது, கலங்கினால் எது அடக்குகிறது, தானாக என்ன செய்வான், எந்தப் பரிசுக்கு வேலை செய்வான். புதியவர் வரும் முதல் நாளே அதைக் கையில் கொடுத்துப் பத்து நிமிடம் பேசிவிட்டு வாருங்கள். பதினைந்து நாள் கழித்து, அதில் எது மாறியிருக்கிறது என்று அவரையே கேட்டுத் திருத்துங்கள்.