படபடப்பை வேறு மாதிரி பார்த்தால் உடம்பும் மாறுமா?

மாறும், ஆனால் பலர் எதிர்பார்க்கும் இடத்தில் இல்லை. மேடை ஏறும் முன் திக்திக்கென்று அடிக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டேதான் இருக்கும். வித்தியாசம் ரத்தக் குழாய்களில்.

'என்னால் முடியாது' என்று மனம் முடிவுகட்டினால் குழாய்கள் இறுகும். இதயம் எவ்வளவு வேகமாகத் துடித்தாலும் பாயும் ரத்தத்தின் அளவு அதிகம் உயராது. 'கஷ்டம்தான், சமாளிக்கலாம்' என்றால் குழாய்கள் தளர்ந்து ரத்தம் தாராளமாகப் பாயும், ஓடும்போது நடப்பதைப் போல. உளவியலாளர் ஜெரமி ஜேமிசன் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், 'படபடப்பு உங்களுக்கு உதவத்தான் வருகிறது' என்று முன்கூட்டியே விளக்கப்பட்டவர்களிடம் இந்த இரண்டாவது வகை மாற்றமே தெரிந்தது.

'அமைதியாக இரு' என்ற அறிவுரை எனக்கு எப்போதுமே எரிச்சல். முழு வேகத்தில் ஓடும் வண்டியைச் சட்டென்று நிறுத்தச் சொல்வது அது. பயம், உற்சாகம் இரண்டிலும் உடம்பு ஒரே வேகத்தில்தான் ஓடுகிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது எளிது. ஹார்வர்டின் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் காட்டியதும் இதைத்தான்: பேசும் முன் 'எனக்கு உற்சாகமாக இருக்கிறது' என்று வாய்விட்டுச் சொன்னவர்கள், 'அமைதியாக இருக்கிறேன்' என்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள்.

படிக்காமல் பரீட்சைக்குப் போனவரை இது காப்பாற்றாது. மாதக்கணக்கில் தூக்கத்தைக் கெடுக்கும் அழுத்தமும் வேறு கதை. அங்கே மாற்ற வேண்டியது சூழ்நிலையை.