எஸ்இஎம் (ஸ்கேனிங் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்) சாம்பிளுக்கு சிபிடி (கிரிட்டிக்கல் பாயிண்ட் ட்ரையிங்) கட்டாயமா, எத்தனால்ல இருந்து எடுத்து அப்படியே காய வச்சா ஆகாதா?

வண்டோட ஓடு மாதிரி கெட்டியான சாம்பிள்னா அப்படியே காய வைங்க, பெரும்பாலும் நல்லாவே வரும், அதுக்குப் போய் கிரிட்டிக்கல் பாயிண்ட் ட்ரையர்ல நேரத்தை வீணாக்காதீங்க. ஆனா செல், சிலியா (செல் மேல மயிர் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கிற நுண்ணிய இழைகள்), லார்வான்னு மெத்துனு இருக்கிற எதுக்கும் அது சரிப்படாது. திரவம் ஆவியாகிட்டே வரும்போது அதோட மேற்பரப்பு சாம்பிள் மேல இறங்கிப் போகும், அந்த சர்ஃபேஸ் டென்ஷன் இழுக்கிற இழுப்புல சிலியா எல்லாம் ஈர பிரஷ் முடி மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், செல் சப்பையாயிடும். எத்தனாலுக்கு இந்த இழுவிசை தண்ணியோடதுல மூணுல ஒரு பங்கு கூட வராது, ஆனாலும் சின்ன அமைப்பை நசுக்க அதுவே போதும்.

கிரிட்டிக்கல் பாயிண்ட்டை, அதாவது அந்தந்தப் பொருளுக்குன்னு இருக்கிற ஒரு வெப்பநிலை, அழுத்த எல்லையைத் தாண்டிட்டா திரவம், வாயுன்னு ரெண்டு இருக்காது, நடுவுல மேற்பரப்பே இல்லாததால இழுக்கவும் எதுவும் இல்ல. 1951-ல தாமஸ் ஆண்டர்சன் கொண்டுவந்த வழி இது. தண்ணியை வச்சே செய்யலாமேன்னா அதுக்கு 374 டிகிரி, 221 பார் வேணும், சாம்பிள் வெந்தே போயிடும். கார்பன் டை ஆக்சைடுக்கு 31 டிகிரி, 74 பார் போதும். அது தண்ணியோட சரியா கலக்காதுங்கிறதாலதான் நடுவுல எத்தனாலோ அசிட்டோனோ.

சொதப்புற இடம் ரெண்டு. ஒண்ணு, எத்தனாலை முழுசா வெளியேத்தாம விடுறது. திரவ கார்பன் டை ஆக்சைடை நிரப்பி, ஊற விட்டு, வடிச்சு, திரும்ப நிரப்பின்னு பல தடவை செய்யணும், திசு தடியா இருந்தா இன்னும் பொறுமை வேணும், ஏன்னா உள்ள எத்தனால் மிச்சம் இருந்தா கலவையோட கிரிட்டிக்கல் வெப்பநிலையே ஏறிடும், மீட்டர் 35 காட்டினாலும் சாம்பிளுக்குள்ள இன்னும் திரவம்தான் இருக்கும் (ரொம்ப நாள் முன்னாடி திறந்த நூறு சதவீத எத்தனால் பாட்டிலை நம்பாதீங்க, அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து வச்சிருக்கும்). ரெண்டாவது, கடைசில அவசரப்பட்டு வால்வைத் திறக்கிறது. பிரஷர் சட்டுனு இறங்கினா வாயு குளிர்ந்து மறுபடி திரவமாகிடும், அதுவரை பட்ட பாடெல்லாம் வீண். சேம்பரை 31-க்கு மேலேயே வச்சுக்கிட்டு மெதுவா விடுங்க.

இவ்வளவு செஞ்சும் சாம்பிள் கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும், அதனால படத்துல அளந்த சைஸை உயிரோட இருந்தப்போ இருந்த சைஸ்னு எழுதிடாதீங்க. மெஷின் கிடைக்கலேன்னா ஹெச்எம்டிஎஸ் (ஹெக்ஸாமெத்தில்டைசிலசேன்ங்கிற, ஆவியாகிப் போற ஒரு திரவம்) போட்டு ஃப்யூம் ஹூட்ல காய வச்சுப் பாருங்க, நிறைய பூச்சி சாம்பிளுக்கு அதுவே போதும்.