2022-இல் இலங்கையின் பணவீக்கம் 46 சதவீதமா, 57-ஆ, 70-ஆ? எது சரி?

மூன்றும் சரிதான். எந்த மாதம், எதோடு ஒப்பிட்டது என்று சொல்லாமல் எண்ணை மட்டும் பகிர்வதால் வந்த குழப்பம் இது.

70 என்று சொல்லப்படுவது 69.8. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின் (குடும்பங்கள் வாங்கும் பொருள், சேவைகளின் விலையை ஒரே எண்ணாகக் காட்டுவது) 2022 செப்டெம்பர் மதிப்பை 2021 செப்டெம்பரோடு ஒப்பிட்டால் வருவது. அந்த ஆண்டின் உச்சம் அதுதான். அதே மாதம் உணவுப் பொருட்கள் மட்டும் 94.9 சதவீதம் ஏறியிருந்தன. 57.2 என்பது டிசெம்பருக்கு டிசெம்பர். 46.4 ஆண்டுச் சராசரி. ஜனவரியில் வீதம் 14.2-தான், மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்ட (அதன் மாற்று விலையைச் சந்தையிடம் விட்ட) பிறகுதான் தலைதெறிக்க ஓடியது. ஆண்டின் தொடக்க மாதங்கள் சராசரியைக் கீழே இழுத்துவிட்டன.

சராசரியை நீங்களே போட்டுப் பார்க்கலாம். 2022-இன் பன்னிரண்டு மாதச் சுட்டெண்களைக் கூட்டுங்கள், 2021-இன் பன்னிரண்டையும் கூட்டுங்கள். முன்னதைப் பின்னதால் வகுத்து, 1-ஐக் கழித்து, 100-ஆல் பெருக்கினால் போதும். பலர் சுட்டெண்ணை விட்டுவிட்டு, மாதாமாதம் வெளியான சதவீதங்களைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுக்கிறார்கள். விடை பக்கத்தில் வரும், ஆனால் அது பிழை: ஒவ்வொரு மாதச் சதவீதத்துக்கும் அடிமதிப்பு, அதாவது ஒப்பிடப்படும் முந்தைய ஆண்டுச் சுட்டெண், வேறு.

இன்னொரு பொறி, அடிப்படை ஆண்டு, அதாவது சுட்டெண்ணை 100 என்று வைத்துக்கொள்ளும் ஆண்டு. 2023 ஜனவரியிலிருந்து 2013=100 என்ற தொடர் போய் 2021=100 வந்தது. 2022-ஐப் பழைய தொடரிலும் 2023-ஐப் புதிய தொடரிலும் எடுத்து வகுத்தால் விலைவாசி சரிந்துவிட்டதாகக் காட்டும். எக்செல் இதற்கெல்லாம் எச்சரிக்காது!

சில இடங்களில் 73.7 என்றும் பார்த்திருப்பீர்கள். அது தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண், அதே செப்டெம்பர். கொழும்புச் சுட்டெண் நகர்ப்புறக் குடும்பங்களின் செலவை வைத்தது. நாடு தழுவிய கூடையில் (கணக்கில் சேரும் பொருட்களின் பட்டியலில்) உணவின் பங்கு அதைவிடக் கூடுதல். உணவு விலை எகிறினால் தேசிய எண் முந்திவிடும்.

70 சதவீதப் பணவீக்கம் என்றால் பணம் 70 சதவீதம் மதிப்பிழந்தது என்று எழுதுவதும் தவறு. 1000-ஐ 1.698-ஆல் வகுங்கள்: ஏறத்தாழ 589. அதாவது ஓராண்டு சும்மா கிடந்த 1000 ரூபா நோட்டு இழந்தது 41 சதவீதம். 2023 செப்டெம்பரில் வீதம் 1.3 ஆனபோது விலை இறங்கியதாகப் பலர் நினைத்தார்கள். 100 ரூபாப் பொருள் 170-ஐத் தொட்டு, பிறகு 172-க்கு ஊர்ந்தது, அவ்வளவுதான்.

சம்பளத்தோடு ஒப்பிடவா? ஆண்டு முழுக்கக் கையில் வந்த மொத்தத்துக்கு 46.4-ஐ எடுங்கள். டிசெம்பர் சம்பளச் சீட்டை முந்தைய டிசெம்பர் சீட்டோடு வைத்துப் பார்ப்பதானால் 57.2.