கோச் பையனை டைட் எண்ட் ஆடக் கூப்பிடுகிறார், அனுப்பலாமா?

தம்பி, ஜனவரியில் கோவையிலிருந்து டெக்சாஸின் ஃபிரிஸ்கோவுக்கு வந்திருக்கிறீர்கள். ஒன்பதாவதின் நடுவில் பள்ளி மாறிய பையன் இப்போது பத்தாவது போகிறான். ஆறடி மூன்றங்குலம், 190 பவுண்ட், கூடைப்பந்து ஆடுகிறான். அமெரிக்க ஃபுட்பால் (நம்மூர்க் கால்பந்து அல்ல) கோச் கூப்பிட்டு "டைட் எண்ட் ஆடு" என்றாராம். அது என்ன வேலை, அதை வைத்துப் பிழைக்க முடியுமா, தலையில் அடிபடும் என்று வீட்டில் பயப்படுகிறார்களே, என்ன செய்வது என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்காத நான்காவது ஒன்று உண்டு, விசா. உங்கள் வீட்டில் அதுதான் முதலில் வந்து நிற்கும்.

முதலில் வேலையைச் சொல்கிறேன். பந்து வைத்திருக்கும் அணியில் 11 பேர். அதில் 7 பேர் கோட்டில் நிற்க வேண்டும். நடுவில் நிற்கும் 5 தடியர்கள் முன்னால் வீசும் பந்தைப் பிடிக்கக் கூடாது, தடுப்பது மட்டுமே அவர்கள் வேலை. அவர்களை ஒட்டி ஓரத்தில் நிற்பவன்தான் டைட் எண்ட். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டமென்றால் எதிரணியின் 250, 270 பவுண்ட் ஆளை அவன் தள்ளி வழி விட வேண்டும். வீசும் ஆட்டமென்றால் அவனே ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்க வேண்டும். தடுக்கும் லைன்மேன்களின் பாடம் ஒன்று, ஓடிப் பிடிக்கும் ரிசீவர்களின் பாடம் ஒன்று, இரண்டையும் படிக்க வேண்டிய இடம் இது. டைட் எண்ட்கள் பழுக்க நாளாவது அதனால்தான். முதல் ஆண்டில் பையன் சோபிக்கவில்லை என்றால் கவலைப்படாதீர்கள்.

கூடைப்பந்துப் பையனைக் கோச் தேடி வந்ததற்குக் காரணம் இருக்கிறது. கூட்டத்துக்கு நடுவே உடம்பால் இடம் பிடித்து, எம்பிப் பந்தை எடுப்பதுதான் ரீபவுண்ட். டைட் எண்ட் நடு மைதானத்தில் செய்வதும் அதையேதான். ஆன்டோனியோ கேட்ஸ் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து மட்டுமே ஆடினார், கல்லூரி ஃபுட்பால் ஆடவே இல்லை. 2003 டிராஃப்டில், அதாவது தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், அவரை யாரும் எடுக்கவில்லை. சான் டியாகோ சார்ஜர்ஸ் அணியில் டைட் எண்டாகத் தனியாகச் சேர்ந்து 116 டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது) எடுத்தார், 2025இல் ஹால் ஆஃப் ஃபேம் என்னும் ஆட்டத்தின் பெருமைப் பட்டியலில் இடம் பெற்றார். டோனி கன்சாலஸும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆட்டமும் ஆடியவர். 17 சீசனில் அவர் ஆடாமல் விட்டது இரண்டே போட்டிகள்.

கூடைப்பந்திலிருந்து வருகிறவர்கள் தடுமாறுவது தடுப்பதில்தான். நிமிர்ந்தே நின்று பழகிய உடம்பு, முட்டி மடங்காது. தாழ்ந்து நிற்பவன் நிமிர்ந்து நிற்பவனைச் சுலபமாகத் தள்ளிவிடுவான். முதல் அடி ஆறங்குலம் போதும், பெரிதாக எடுத்து வைத்தால் ஒற்றைக் காலில் நிற்கும்போது எதிராளி வந்து இடிப்பான். கை எதிராளியின் நெஞ்சுக்குள் போக வேண்டும். தோளுக்கு வெளியே பிடித்தால் ஹோல்டிங் என்ற தப்பாட்டம், தண்டனையாக அணி 10 கெஜம் பின்னால் போக வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு மோதுவது மட்டும் கூடவே கூடாது, கழுத்தெலும்பு முறிவது அப்படித்தான். இதை முதல் வாரத்திலேயே கற்றுத் தராத கோச்சிடம் பையனை விடாதீர்கள்.

பிழைப்பு என்று பார்த்தால் வாசல் மிகவும் குறுகல். நாடு முழுக்கப் பத்து லட்சம் பையன்கள் உயர்நிலைப் பள்ளியில் ஃபுட்பால் ஆடுகிறார்கள். பள்ளி முடித்து மூன்று ஆண்டு ஆனால்தான் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். டிராஃப்டுக்குத் தகுதி. 2025 டிராஃப்டில் 32 அணிகள் 7 சுற்றில் எடுத்தது 257 பேரை. ஓர் ஆண்டில் அதில் டைட் எண்ட் பதினைந்தை ஒட்டித்தான் இருக்கும். 53 பேர் கொண்ட அணியில் மூன்று டைட் எண்ட், சில அணிகளில் நான்கு. ஆக, அமெரிக்கா முழுவதும் இந்த வேலை நூற்றுச் சொச்சம் பேருக்குத்தான்.

அந்த வாசலைத் தாண்டியவருக்கு 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 8,40,000 டாலர். பெரிதாகத் தெரியும். ஆனால் அது சீசனின் 18 வாரங்களுக்குப் பிரித்துத் தரப்படுவது, பெரும்பாலும் உத்தரவாதம் இல்லாதது. ஐந்தாம் வாரம் கழற்றிவிட்டால் மீதி வராது. வரி, முகவருக்கு 3 சதவீதம் வரை, போய் ஆடும் பல மாநிலங்களுக்கும் தனித்தனி வரி. டெக்சாஸில் வருமான வரி இல்லை, ஆனால் கலிஃபோர்னியாவில் ஆடும் நாளுக்கு அங்கே கட்டியாக வேண்டும். 53 பேரில் சேராமல் பயிற்சி அணியில் இருப்பவருக்கு 2025இல் வாரம் 13,000 டாலர், எந்த வாரமும் அனுப்பிவிடலாம். மூன்று சீசன் கணக்கில் ஏறினால்தான் ஓய்வூதிய உரிமை. சராசரி ஆட்டக்காரர் அந்தக் கோட்டை ஒட்டியே நின்றுவிடுகிறார். உச்சியிலும் இந்த இடத்துக்குக் கூலி குறைவு. 2025இல் டைட் எண்ட் ஜார்ஜ் கிட்டில் போட்ட ஒப்பந்தம் ஆண்டுக்கு 19 மில்லியனைச் சற்றே தாண்டியது, அதே ஆண்டு வைட் ரிசீவர் ஜமார் சேஸுக்கு 40 மில்லியனுக்கு மேல். 2014இல் டைட் எண்ட் ஜிம்மி கிரஹாம், பாதி நேரத்துக்கு மேல் ரிசீவர் போல ஓரத்தில்தான் நிற்கிறேன், அந்தக் கணக்கில் சம்பளம் கொடுங்கள் என்று முறையிட்டார். வழக்கைத் தீர்த்த நடுவர் ஒப்பவில்லை.

ஆகவே என்.எஃப்.எல்லை நினைத்து அனுப்பாதீர்கள், கல்லூரியை நினைத்து அனுப்புங்கள். ஐவி லீக் என்னும் பெயர்பெற்ற பல்கலைக்கழகக் குழுவில் விளையாட்டு உதவித்தொகை கிடையாது, ஆனால் கோச் கேட்கும் பையனுக்குச் சேர்க்கையில் அது பெரிய பலம். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் மூன்றும் வெளிநாட்டு மாணவருக்கும் குடும்ப வருமானம் பார்த்து உதவுகின்றன. கேமரன் பிரேட் ஹார்வர்டில் படித்த டைட் எண்ட். டிராஃப்டில் எடுபடாமலே டாம்பா பே அணிக்குப் போய், என்.எஃப்.எல். இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் ஜெயித்தார்.

மேல்தட்டான டிவிஷன் 1 கல்லூரியில் ஆட, கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. கேட்பது 16 முக்கியப் பாடங்கள், அவற்றில் 2.3 சராசரி. அந்த 16இல் 10, பன்னிரண்டாவது தொடங்கும் முன் முடிந்திருக்க வேண்டும். கணக்கு ஒன்பதாவதிலிருந்தே ஓடுகிறது. கோவைப் பள்ளியிலிருந்து ஒன்பதாவது பாதி ஆண்டு மதிப்பெண் பட்டியலை முத்திரையோடு இப்போதே வாங்கிவிடுங்கள், மூன்று ஆண்டு கழித்துக் கேட்டால் அலைய விடுவார்கள். பள்ளியில் கவுன்சிலரைப் பார்த்து, பையன் எடுக்கும் வகுப்பு என்.சி.ஏ.ஏ. அங்கீகரித்த பட்டியலில் இருக்கிறதா என்று பெயர் பெயராகச் சரிபாருங்கள். டெக்சாஸில் இன்னொரு விதி: ஒரு பாடத்தில் 70க்குக் கீழே போனாலும் மூன்று வாரம் ஆட முடியாது. படிப்பு போய்விடும் என்று அஞ்சும் பெற்றோருக்கு இது உதவியான விதிதான்.

இனி விசா. பையன் எச்-4இல், உங்கள் வேலை விசாவைச் சார்ந்த குடும்ப விசாவில், இருக்கிறான். 21 வயதில் அது முடிந்துவிடும். அதற்குள் கிரீன் கார்டு வராவிட்டால் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். கல்லூரிப் படிப்புக்கான உதவித்தொகை வாங்க எச்-4 தடையில்லை. ஆனால் இப்போது கல்லூரி ஆட்டக்காரர்கள் விளம்பரத்துக்கும் பெயருக்கும் பணம் வாங்குகிறார்களே, 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே நேரடியாகவும் தருகின்றனவே, அதை எச்-4 பையனோ எஃப்-1 பையனோ வாங்கினால் அனுமதியில்லாத வேலை என்று ஆகிவிடலாம், விசா அந்தஸ்தே போகும். பக்கத்து வீட்டுப் பையன் ஜிம் விளம்பரத்தில் 500 டாலர் வாங்கினான் என்று இவனும் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. எந்தத் தாளும் குடிவரவு வழக்கறிஞர் பார்த்த பிறகுதான். பின்னாளில் தொழில்முறையில் ஆட பி-1 (P-1) விசா உண்டு, அது அணி எடுத்துக்கொண்ட பிறகு வரும் பேச்சு.

சாப்பாட்டையும் கவனியுங்கள். என்.எஃப்.எல். டைட் எண்ட் 250 பவுண்டை ஒட்டி இருப்பார். பையன் ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து பவுண்ட் தசையாக ஏறினால் போதும், அவசரப்பட்டால் கொழுப்பாகி முட்டிக்குச் சுமையாகும். அவன் எடைக்கு நாளுக்கு 140 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் பனீரில் சுமார் 18. இட்லி சாம்பாரை மட்டும் வைத்து அங்கே போய்ச் சேர முடியாது. பொடி வாங்கினால் விளையாட்டு வீரர்களுக்கான என்.எஸ்.எஃப். சான்று உள்ளதை மட்டும் வாங்குங்கள், தடைப் பொருள் கலந்திருந்தால் பழி அவன் மேல்தான்.

தலைக்காயத்தைப் பற்றி வீட்டில் பயப்படுவது நியாயம், அதைக் கேலி செய்யாதீர்கள். ஜான் மேக்கி, இந்த இடத்தை ஆடியவர்களில் மிகப் பெரியவர்களில் ஒருவர், வீரர் சங்கத் தலைவராகவும் இருந்தவர். நினைவு மங்கி 2011இல் இறந்தார். மறதி நோய் வந்த பழைய வீரர்களுக்கு 2007இல் தொடங்கிய உதவித் திட்டத்துக்கு அவருடைய சட்டை எண்ணான 88ஐத்தான் பெயராக வைத்தார்கள். திரும்பத் திரும்ப விழும் அடியால் வரும் சி.டி.இ. என்ற மூளைநோயை இறந்த பிறகே உறுதிப்படுத்த முடிகிறது. அடி ஒவ்வொன்றும் சேர்கிறது என்பதால், பயிற்சியில் முழு மோதல் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

டெக்சாஸ் சட்டப்படி மூளையதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே பையனை உடனே வெளியே எடுக்க வேண்டும். மருத்துவர் எழுதித் தந்து, நீங்களும் கையெழுத்துப் போட்டால்தான் திரும்ப ஆடலாம். அந்தக் கையெழுத்தை அவசரத்தில் போடாதீர்கள். வீட்டுக்கு வந்த பிறகு தலைவலி, வெளிச்சம் கூசுவது, கேட்டதையே திரும்பக் கேட்பது, காரணமில்லாத எரிச்சல் இருக்கிறதா என்று அம்மா பார்க்கட்டும். பையன்கள் இடம் போய்விடும் என்று மறைப்பார்கள்.

ஆகஸ்ட் பயிற்சி தொடங்கும் முன் கோச்சிடம் நேரில் போய் மூன்றைக் கேளுங்கள்: வாரத்துக்கு எத்தனை நிமிடம் முழு மோதல் பயிற்சி, சீசனுக்கு முன் மூளைச் செயல்பாட்டுச் சோதனை எடுத்து வைப்பார்களா, காயங்களைக் கவனிக்கும் அத்லெட்டிக் டிரெய்னர் ஆட்டத்துக்கு மட்டுமா அல்லது தினப் பயிற்சிக்கும் மைதானத்தில் இருப்பாரா.