மூக்கு நுனி வீக்கம் எப்போது வடியும்?

கேள்வி: செம்பனைத் தோட்ட ஆபீசில் கிராணியாக இருக்கிறேன். மூக்கைத் திருத்தும் ஆபரேஷன் செய்து ஆறு வாரமாகிறது. கண்ணடியில் இருந்த கன்றல் போய்விட்டது. நுனி மட்டும் உருண்டையாகத் தடித்து, தொட்டால் மரத்துக் கிடக்கிறது. காலையில் இன்னும் மோசம். பாட்டி மஞ்சள் பற்றுப் போட்டு வேது பிடிக்கச் சொல்கிறார். ஆபரேஷன் தவறிவிட்டதா? மறுபடி செய்ய வேண்டுமா?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: ஆறாவது வாரத்தில் நுனி இப்படித்தான் இருக்கும், அம்மா. இதை வைத்து ஆபரேஷன் தவறிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

முதல் 3 நாள் வீக்கம் ஏறும். ஒரு வாரத்தில் மேலே ஒட்டிய அட்டையை எடுப்பார்கள். மற்றவர் கண்ணில் படும் வீக்கத்தில் பெரும்பகுதி ஒன்றிரண்டு மாதத்தில் இறங்கிவிடும். நுனிதான் கடைசி: ஓராண்டு பிடிக்கும். தடித்து எண்ணெய் வழியும் தோல் என்றால் ஒன்றரை ஆண்டும் ஆகலாம். நம்மவர்களில் பலருக்கு அந்தத் தோல்தான்.

காரணம் இது. நுனியைத் திருத்த, தோலை எலும்பிலிருந்தும் குருத்தெலும்பிலிருந்தும் பிரித்துத் தூக்குகிறார்கள். அப்போது நீரை வடிக்கும் நிணநீர்க் குழாய்களும் மெல்லிய நரம்புகளும் அறுபடுகின்றன. குழாய்கள் புதிதாக வழி பிடிக்கும்வரை நீர் தேங்கும். நரம்பு துளிர்க்கும்வரை மரப்பு இருக்கும், அதற்கும் மாதக்கணக்காகும். படுத்திருக்கும்போது நீர் முகத்துக்கு ஏறுவதால்தான் காலையில் கூடுதலாகத் தெரிகிறது. ஒரு பக்கம் முந்தி வடிந்து மூக்கு கோணலாகத் தெரிவதும் உண்டு.

பாட்டியின் அக்கறை பெரிது, ஆனால் வேது வேண்டாம். சூடு பட்டால் இரத்தக் குழாய் விரிந்து வீக்கம் ஏறும். அதைவிட ஆபத்து, மரத்த தோலுக்குச் சூடு உறைக்காது. வெந்த பிறகுதான் தெரியும். ஐஸ் கட்டியை நேராக வைப்பதும் இதே காரணத்தால் தவறு. மஞ்சள் பற்று தையல் தழும்பை எரிச்சலாக்கலாம்.

இரவில் இரண்டு தலையணை வைத்து, மல்லாந்து படுங்கள். கருவாடு, கிச்சாப், மேகி மீ மூன்றும் உப்பு மிகுந்தவை. அவற்றைத் தின்ற மறுநாள் மூக்கு கனப்பதை நீங்களே காண்பீர்கள். தோட்டத்துக்குள் போகும்போது அகல விளிம்புத் தொப்பியும் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத, வெயில் தடுக்கும் கிரீமும் வேண்டும். கண்ணாடி போடுபவரானால், மூக்கில் அது உட்காரலாமா என்று மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். அவர் செய்து காட்டாமல் மூக்கை அமுக்கித் தேய்க்காதீர்கள். தினமும் கண்ணாடி பார்ப்பதை விட்டு, மாதம் ஒரு முறை ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் படமெடுங்கள். மாற்றம் அதில்தான் பிடிபடும்.

மறு ஆபரேஷனை 12 மாதத்துக்கு முன் நினைக்காதீர்கள். வீங்கிய மூக்கை அளவெடுத்து வெட்டினால், வடிந்தபின் அளவு தப்பும். நுனிக்குச் சற்று மேலே கட்டியான தழும்பு இருந்தால் மருத்துவர் சிறிதளவு ஸ்டீராய்டு ஊசி போடலாம். அதிகமானால் தோல் மெலிந்து குழியும். அழகு நிலையத்தில் ஒருபோதும் போட்டுக்கொள்ளாதீர்கள்.

காய்ச்சல், திடீரென ஏறும் வலி, சிவந்து சூடாகும் நுனி, சீழ், நிற்காத இரத்தம், ஒரு துவாரத்திலிருந்து தண்ணீராகச் சொட்டுவது, பார்வை மங்கல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே போய்விடுங்கள். உள்ளே சிலிக்கோன் வைத்திருந்தால், நுனித் தோல் வெளுத்து மெலிவதையும் காட்டுங்கள்.

கேள்வி: அறுவைக்காகக் கழற்றிய மூக்குத்தியை எப்போது போடலாம்?
- இன்னொரு வாசகி, தாப்பா

பதில்: துவாரம் சுருங்கியிருந்தால் திணிக்காதீர்கள். அங்கே புண்ணாகி கிருமி உள்ளே போனால், ஆபரேஷனில் உள்ளே வைத்த குருத்தெலும்பே கெடலாம். உங்கள் மருத்துவர் பார்த்துச் சரி என்ற பிறகு, கிருமி நீக்கிய மூக்குத்தியை அவர் எதிரிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.