வாரண்டி முடிந்ததும் படுத்துவிடும் பிரிண்டர்: கேள்வி பதில்

சார், வாரண்டி முடிந்த இரண்டாவது மாதம் எல்லா லைட்டும் சேர்ந்து மின்னுகிறது, பிரிண்ட் வரவில்லை. நாள் குறித்து வைத்தே கெடுக்கிறார்களா?

நாள் கணக்கு இல்லை, பெரும்பாலும் மையின் கணக்கு. மை தெளிக்கும் ஹெட்டைச் சுத்தம் செய்யும் ஹெட் கிளீனிங்கில் வெளியேறும் மை அடியில் உள்ள பஞ்சு பேடில் போய்ச் சேரும். பல மாடல்களில் பேடு நனைந்ததா என்று மெஷின் பார்ப்பதில்லை. உள்ளே ஒரு கவுண்டர் கூட்டிக்கொண்டே போகும். நிரம்பியதாகக் கணக்கு வந்ததும் வேலை நிறுத்தம். பேடை மாற்றி கவுண்டரை ரீசெட் செய்தால் ஓடும். ரீசெட் மட்டும் செய்து காசு வாங்குபவர்களும் உண்டு, பிறகு மேஜையில் மை வழியும். கழற்றிய பேடைக் காட்டச் சொல்லுங்கள், கருஞ்சேறு மாதிரி இருக்கும். சில மாடல்களில் ஒரே ஸ்க்ரூவைக் கழற்றி நாமே மாற்றிக்கொள்ளும் பெட்டியாக வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும் ஏன் வைக்கவில்லை என்பதுதான் என் கோபமும்.

பையனின் ப்ராஜெக்டுக்கு மட்டும்தான் எடுப்போம். இப்போது மஞ்சள் வரவே இல்லை.

சும்மா வைத்திருந்ததுதான் கேடு அக்கா. வேலை முடிந்ததும் ஹெட் ஓரத்திலுள்ள ரப்பர் மூடியில் போய் உட்கார வேண்டும். சுவரிலுள்ள சுவிட்சை நடுவில் அணைத்தால் அது திறந்தபடியே நின்று காய்ந்துவிடும். பிரிண்டர் பட்டனிலேயே அணையுங்கள், வாரம் ஒரு கலர் பக்கம் எடுங்கள். கிளீனிங்கை இரண்டு மூன்று தடவையோடு நிறுத்துங்கள், அந்த மையும் பேடுக்குத்தான் போகும்.

பேப்பர் இழுக்கவில்லை. புதுசு வாங்கச் சொல்கிறார்கள்.

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ரப்பர் ரோலரை ஈரத்துணியால் துடையுங்கள் தம்பி.

எட்டே மாதம் ஆகிறது. வாரண்டி முடிந்துவிட்டது என்கிறார்களே?

கார்டின் பொடி எழுத்தைப் படியுங்கள். மையை ஊற்றி நிரப்பும் இங்க் டேங்க் மாடல்களில் ‘ஒரு வருடம் அல்லது இத்தனை ஆயிரம் பக்கம், எது முந்துகிறதோ’ என்று இருக்கலாம். அப்படி இல்லாவிட்டால் எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். அசையவில்லையா, நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் பிரச்சினை எழுந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை.

இனி எதை வாங்குவது?

கறுப்பு மட்டும் போதும், அதுவும் எப்போதாவது என்றால் லேசர். அதில் மைக்குப் பதில் டோனர் என்ற பொடி, காய்வதற்கு ஒன்றுமில்லை. வருடத்துக்கு நாலு கலர் பக்கத்துக்கு ஜெராக்ஸ் கடைக்கே போங்கள்.