இறுதிப் போட்டியில் தோற்றவரை ஏன் கொண்டாட வேண்டும்?

2023 செஸ் உலகக் கோப்பையில் பிரக்ஞானந்தா உலகின் முதல் நிலை வீரர் கார்ல்சனிடம் தோற்றார், அப்புறம் எதற்கு இவ்வளவு மாலை மரியாதை என்று கேட்டிருக்கிறீர்கள்.

நாக் அவுட் முறையில் இரண்டாம் இடம்தான் ரொம்பக் கசப்பானது. போட்டி நடந்த பாகுவில் மூன்றாம் இடம் பிடித்த கருவானா கடைசி மோதலில் ஜெயித்துவிட்டு ஊர் திரும்பினார். அவரை அரையிறுதியில் வீழ்த்திய பிரக்ஞானந்தா தோல்வியோடு திரும்பினார். மேல் இடத்துக்கு வந்தவருக்குத்தான் மனச்சுமை அதிகம்!

ஆனால் அவர் வந்த வழியைப் பாருங்கள். 206 பேர் ஆடிய போட்டி. 18 வயதுப் பையன் உலகத் தரவரிசையில் 2, 3-ஆம் இடங்களில் இருந்த நகமுரா, கருவானா இருவரையும் வெளியேற்றினார். காலிறுதியில் நண்பர் அர்ஜுன் எரிகைசியை டைபிரேக்கில் (சமநிலையை முறிக்க ஆடும் வேக ஆட்டங்களில்) வென்ற பிறகு, ஓரமாக நின்று பூரிப்போடு மகனையே பார்த்துக்கொண்டிருந்த அம்மா நாகலட்சுமியின் படம் எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

இறுதியில் இரண்டு கிளாசிக்கல் (நீண்ட நேர) ஆட்டங்களும் டிரா. டைபிரேக்கின் முதல் ரேபிட் (குறைந்த நேர) ஆட்டத்தில் வெள்ளைக் காய்களோடு ஆடித் தோற்றார், அடுத்தது டிரா. வெற்றிக்கு ஒரு புள்ளி, டிராவுக்கு அரைப் புள்ளி என்பதால் மொத்தம் 2.5–1.5. நான்கு ஆட்டங்களில் ஒரே ஒரு தோல்வி, அதுவும் கார்ல்சனிடம்.

இன்னொன்றும் உண்டு. அங்கே முதல் மூன்று இடங்களுக்கு, உலக சாம்பியனை எதிர்த்து ஆடப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியில் ஆடும் வாய்ப்பு கிடைத்தது. 2024 ஏப்ரலில் டொராண்டோவில் அவர் ஆடியது இந்த இரண்டாம் இடத்தால்தான்.